தோற்ற வேட்பாளரும் அவரைக் கொண்டாடிய ஊடகங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 6-ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நாட்டின் மேலவையான செனட்டுக்குத் தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியின் டெட் குரூஸ் வென்றார். ஜனநாயகக் கட்சியின் பீட்டோ ஓ'ரூர்க் ஏறத்தாழ 2,15,000 வாக்குகளில் தோற்றார். ஆனால் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்த தொலைக்காட்சிகளும் இதழ்களும் தோற்றவரையே திரும்பத் திரும்பப் பேசின. அடுத்த அதிபர் வேட்பாளர் இவரே என்ற ஆரூடமும் உடனே கிளம்பிவிட்டது.

அந்த உற்சாகத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1994-க்குப் பிறகு, மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி டெக்சாஸில் வென்றதில்லை. அந்த மண்ணில் நம் மாவட்டங்களைப் போன்ற 254 கவுண்டிகளுக்கும் நேரில் போய் வாக்குக் கேட்ட மனிதர் அவர். 48 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார். டல்லாஸில் காலின் ஆல்ரெட்டும் ஹூஸ்டனில் லிஸி ஃபிளெட்சரும் அன்று பிரதிநிதிகள் சபைக்கு வென்றதில் அவர் எழுப்பிய அலைக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

ஆனால் அதே தேர்தலில் அரிசோனாவில் கிர்ஸ்டன் சினிமாவும் நெவாடாவில் ஜாக்கி ரோசனும் குடியரசுக் கட்சியின் கையிலிருந்த செனட் இடங்களைப் பறித்தார்களே! அவர்கள் எப்படி வென்றார்கள் என்பதல்லவா அந்தக் கட்சியின் ஆதரவாளர்கள் அறிந்திருக்க வேண்டியது? அவர்கள்மீது விழுந்த வெளிச்சம் மிகக் குறைவு.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. கட்சியின் செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2018 மார்ச்சில் நடந்த உட்கட்சித் தேர்தலிலேயே, மெக்சிகோ எல்லையோரக் கவுண்டிகள் சிலவற்றில் அதிகம் அறியப்படாத ஒரு போட்டியாளர் ஓ'ரூர்க்கை முந்தியிருந்தார். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் நிறைந்த, கட்சியின் கோட்டை என்று நம்பப்பட்ட பகுதி அது. அங்கே என்ன நடக்கிறது என்று, புகழ்ந்து எழுதியவர்கள் துருவித் துருவிக் கேட்டிருக்க வேண்டும். 2020-இல் அந்த எல்லைப் பகுதியின் ஜபாட்டா கவுண்டி டிரம்ப் பக்கம் போனபோது பலர் திகைத்துப் போனார்கள். தன் கட்சிக்கு நல்லது செய்ய நினைக்கும் பத்திரிகை, புண் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டாமா?

2019 மார்ச்சில் 'வேனிட்டி ஃபேர்' இதழின் அட்டையில் ஓ'ரூர்க்கின் படம் வந்தது. உடனே, கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்கான போட்டியில் இறங்கினார். முதல் 24 மணி நேரத்தில் 61 லட்சம் டாலர் குவிந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உட்கட்சித் தேர்தலில் ஒரு மாநிலம்கூட வாக்களிக்கும் முன்பே விலகினார். 2022-இல் டெக்சாஸ் ஆளுநர் பதவிக்கு நின்று ஏறத்தாழ 11 விழுக்காடு வித்தியாசத்தில் தோற்றார். திறமையுள்ள ஒருவரைத் தாங்க முடியாத உயரத்தில் தூக்கி வைத்ததில் அந்த ஊடகங்களுக்கும் பொறுப்பு உண்டு.

லிங்கனும் செனட் தேர்தலில் தோற்று அதிபரானவர்தானே என்று அப்போது சிலர் கேட்டார்கள். உண்மைதான். 1858-இல் இல்லினாய் மாநிலத்தில் எதிர் வேட்பாளர் ஸ்டீபன் டக்ளஸுடன் ஏழு ஊர்களில் விவாதம் செய்தார். செனட்டரை மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த காலம் அது. அங்கே 54-க்கு 46 என்று தோற்றார். அன்றைய பத்திரிகைகளும் நடுநிலையானவை அல்ல. 'சிகாகோ பிரஸ் அண்ட் டிரிப்யூன்' லிங்கன் பக்கம், 'சிகாகோ டைம்ஸ்' டக்ளஸ் பக்கம். எங்கள் தலைவரின் பேச்சைச் சிதைத்து அச்சிட்டாய் என்று ஒன்றின்மேல் ஒன்று குற்றம் சாட்டின. ஆனாலும் இரண்டும் சுருக்கெழுத்தாளர்களை அனுப்பி, மணிக்கணக்கில் நீண்ட பேச்சுகளைப் பத்தி பத்தியாக வெளியிட்டன. அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவலாமா என்ற கேள்வியில் இருவரும் சொன்னது என்ன என்பதை, கூட்டத்துக்குப் போகாத விவசாயியும் படிக்க முடிந்தது.

தோற்ற பிறகு லிங்கன் அந்தப் பத்திரிகை நறுக்குகளை ஓர் ஏட்டில் ஒட்டினார். தன் பேச்சைத் தன்னை ஆதரித்த டிரிப்யூனிலிருந்தும், டக்ளஸின் பேச்சை டக்ளஸை ஆதரித்த டைம்ஸிலிருந்தும் எடுத்தார். எதிராளியின் சொற்களை எதிராளியின் பத்திரிகையே தந்தபடி வைத்தார். 1860-இல் ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து அது நூலாக வந்தது. அந்த ஆண்டு டக்ளஸும் அதிபர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்றார். வாக்காளர்கள் கையில் இருவருடைய வாதமும் இருந்தது.

வணக்கம்.