3 லட்ச ரூபாய் ஸ்பீக்கர் ஏன் கல்யாண மண்டப மைக் மாதிரி கேக்குது?

[திரை: சாமான் எதுவும் இல்லாத ஹால். நடுவுல நின்னு ஒரே ஒரு கைதட்டு.]

கேட்டீங்களா? தட்டினது ஒரு தடவைதான். காதுல விழுந்தது "டட்ரிங்ங்ங்". கடைசியில வந்த அந்த "ரிங்ங்ங்" இருக்கே, அதுதான் இன்னிக்கு வில்லன். ஸ்பீக்கரை மாத்தினாலும் அது போகாது. ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்ளிஃபையரை, அதாவது ஆம்பை மாத்தினாலும் போகாது. மீட்டர் நாலாயிரம்னு விக்கிற கேபிளை வாங்கினா, காசு மட்டும் போகும்.

வணக்கம் மக்களே. ஹை-எண்ட் ஸ்டீரியோ செட் ஒண்ணு, நம்ம ஊர் கான்கிரீட் வீட்டுல, வர்றவங்க வாயைப் பிளக்குற மாதிரி எப்படி வைக்கிறது? கேள்வி இவ்வளவுதான்.

பின்னணியை ஒரே மூச்சுல முடிச்சிடுவோம். ரெண்டு ஸ்பீக்கர்ல ஒலியைப் பிரிச்சுத் தர்ற ஸ்டீரியோவுக்கு, ஆலன் புளூம்லைன்ங்கிற ஆங்கிலேய எஞ்சினியர் 1931-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். சிடி 1982-ல வந்துச்சு. அவ்ளோதான் வரலாறு, வாங்க ஹாலுக்குள்ள போலாம்.

[திரை: 14 x 11 x 10 அடி ஹாலின் வரைபடம்]

நாலு பக்கமும் பூசின சுவர், மேல கான்கிரீட், கீழ வழவழன்னு டைல்ஸ். இதுல பட்ட சத்தத்துல நூத்துக்கு ரெண்டு மூணு பங்குதான் உள்ள போகும், மிச்சம் அப்படியே திரும்பி வரும். கதவு ஜன்னலை மறந்துட்டுக் கணக்குப் போட்டா, இந்தக் காலி ஹால்ல ஒரு சத்தம் அடங்க 3 விநாடிக்கு மேல ஆகும். பாட்டு கேக்க நமக்கு வேண்டியது அரை விநாடிக்கும் குறைவு. பாடகர் அடுத்த வரிக்குப் போயிருப்பார், முந்தின வரி இன்னும் சுவத்துல முட்டிக்கிட்டு இருக்கும்.

இந்தக் கணக்கு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஃபாக் அருங்காட்சியகம் கட்டினாங்க. அதோட விரிவுரை அரங்குல ஒரு வார்த்தை பேசினா அஞ்சரை விநாடி மிதந்துச்சு. பாடமே நடத்த முடியல. 1895-ல வாலஸ் சேபின்ங்கிற இளம் இயற்பியல் ஆசிரியர்கிட்ட "சரி பண்ணுப்பா"னு விட்டாங்க. அவர் என்ன பண்ணார்? பக்கத்துல சாண்டர்ஸ் தியேட்டர் இருக்கு, அங்க நாற்காலி மெத்தைகள் இருக்கு. ராத்திரி ஊர் அடங்கினதும் மெத்தைகளைத் தூக்கிட்டு வருவார். ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, சத்தம் எப்போ சாகுதுன்னு கடிகாரம் வச்சு அளப்பார். அப்புறம் இன்னும் கொஞ்சம் மெத்தை, மறுபடி அளவு. விடியறதுக்குள்ள எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுடுவார்! உலகத்துல இருக்கிற அத்தனை கச்சேரி அரங்குக்கும் அடிப்படையான சூத்திரம் இப்படி மெத்தை சுமந்து வந்ததுதான். அவர் வச்சிருந்த அளவுகோல் இன்னும் அழகு: திறந்த ஜன்னல். ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் வழியா வெளிய போன சத்தம் திரும்பி வராது இல்லையா, அதுதான் ஒரு யூனிட்.

நம்ம 14க்கு 11 ஹாலுக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டா, சத்தம் அரை விநாடிக்குள்ள அடங்க சுமார் 190 சதுர அடி திறந்த ஜன்னல் வேணும். ஜன்னலைத் திறந்து வச்சா ஷேர் ஆட்டோ ஹாரனும் சேர்ந்து வரும், அதனால வேற வழி பாப்போம். ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவர் முழுக்க, சுவர் அகலத்துக்கு ரெண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பா தொங்கவிட்ட கனமான திரை, அது ஒரு 50 சதுர அடி ஜன்னலுக்குச் சமம். துணி சோஃபா 25. ரெக்சின் சோஃபான்னா அதுல பாதிகூடத் தேறாது. ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவுல 6க்கு 8 தடி ஜமக்காளம் 15. சுவர், கதவு, மனுஷங்கன்னு ஒரு 20. மிச்சம் 80-ஐ சத்தத்தை உறிஞ்சுற பேனல் பார்த்துக்கும். 2க்கு 4 அடியில பத்து பேனல்.

பேனலை வீட்டுலயே செய்யலாம். ரீப்பர் கட்டையில 2க்கு 4 அடி சட்டம், ஆழம் 4 அங்குலம். உள்ள ராக்வூல், அதாவது கல்லை உருக்கி நூலாக்கின பஞ்சு, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 2 அங்குல ஸ்லாப் ரெண்டு. மேல காடா துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடிச்சுடுங்க. துணி மேல வாயை வச்சு ஊதிப் பாருங்க, காத்து உள்ள போகுதா? அப்போ சத்தமும் போகும். ரெக்சின் போர்த்தினா போகாது. கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம், இல்லாட்டி ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டு இருப்பீங்க. சுவத்துல ஒட்டி மாட்டாம 2, 3 அங்குலம் இடைவெளி விட்டா, அதே பேனல் இன்னும் கீழ்ச் சுரம் வரைக்கும் வேலை செய்யும்.

முட்டை அட்டை ஒட்டலாமான்னு கேப்பீங்க. வேண்டாம். அது "ஸ்ஸ்"ஸை மட்டும் கொஞ்சம் தின்னும், "தும்"மைத் தொடவே தொடாது. மெல்லிசு ஃபோமும் அதே கதைதான். மேல் சுரம் செத்து, பேஸ் மட்டும் உருமும். கரப்பான் பூச்சிக்கு நல்ல வீடு.

பேனலை எங்க மாட்டறது? நீங்க சோஃபாவுல உக்காருங்க. வீட்டுல இன்னொருத்தர் முகம் பாக்குற கண்ணாடியைப் பக்கச் சுவத்துல ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு நகரட்டும். உங்க கண்ணுக்கு ஸ்பீக்கர் எந்த இடத்துல தெரியுதோ, அங்கதான் முதல் பேனல். ரெண்டு பக்கச் சுவத்துலயும் இதைச் செய்யுங்க. மிச்சத்துல நாலு மூலைகளுக்கு, ரெண்டு உங்க தலைக்குப் பின்னால.

[திரை: 565 ÷ அடி]

இப்போ பேஸ், அதாவது அந்த "தும்" கீழ்ச் சுரம். மனசுல ஒரே எண், 565. உங்க ஹால் நீளம், அகலம், உயரத்தை அடியில அளந்து 565-ஐ வகுங்க. 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 40 அதிர்வு. 11 அடிக்கு 51. 10 அடிக்கு 56. இந்த மூணு சுரத்தையும் உங்க ஹால் தானாவே தூக்கிப் பாடும். பேஸ் கிட்டாரோட கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதாவது இந்த ஹால்ல அந்த ஒரு தந்தியைத் தொட்டாலே வீடு குலுங்கும், அடுத்த சுரம் சாதாரணமா கேக்கும். "என் ஸ்பீக்கர் செம பேஸ்"னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டுல வாசிக்கிறது சுவர்தான். 10க்கு 10 ரூம், உயரமும் 10னா மூணு எண்ணும் 56-லயே போய் உக்காரும். அந்த ரூமை படுக்கறதுக்கு வச்சுக்கோங்க.

அதனால உக்கார்ற இடம் முக்கியம். ஹாலோட சரிபாதியில உக்காந்தா அந்த 40 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். முதுகைச் சுவத்துல ஒட்டினா ரெண்டு மடங்காகும். நம்ம வீடுகள்ல சோஃபா எப்பவும் சுவத்தோட ஒட்டித்தான் இருக்கும், பிரச்சினை அங்கேருந்துதான் ஆரம்பம். நீளத்துல 38 சதவீதம்னு ஒரு கணக்கு: பின் சுவத்துலேருந்து சுமார் 5 அடி 4 அங்குலம் முன்னால உங்க தலை. ஸ்பீக்கர் முன் சுவத்துலேருந்து 3 அடி, ரெண்டுக்கும் நடுவுல 7 அடி, பக்கச் சுவத்துக்கு 2 அடி. உங்க காதும் ரெண்டு ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட சமபக்க முக்கோணம். மேல் சுரம் பாடுற சின்ன ட்வீட்டர் காது உயரத்துல, அதாவது தரையிலேருந்து 36 முதல் 40 அங்குலம். ஸ்டாண்டுக்கு அடியில ஆணி இருந்தா ஒரு ரூபாய் நாணயத்தை வைங்க, டைல்ஸ் கீறாது.

பேஸுக்குன்னே தனியா வர்ற ஸ்பீக்கர், சப்வூஃபர், வச்சிருக்கீங்களா? அதைத் தூக்கி சோஃபா மேல, உங்க தலை இருக்கிற இடத்துல வைங்க. ஒரு பேஸ் வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்க. இப்போ நீங்க தரையில தவழணும். ஆமா, நிஜமாத்தான். சுவர் ஓரமா தவழ்ந்து போய், எந்த இடத்துல எல்லா சுரமும் சமமா கேக்குதோ, அங்கதான் சப்வூஃபரோட நிரந்தர இடம். வீட்டுல யாரும் இல்லாத நேரமா பாத்துச் செய்ங்க.

ஆம்ப் எத்தனை வாட் வேணும்? 86 டெசிபல் உணர்திறன், அதாவது 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்துல 86 டெசிபல் தர்ற ஸ்பீக்கர் ஜோடி, 7 அடி தூரத்துல, 1 வாட்டுக்கு சுமார் 82 டெசிபல் தரும். வீடு முழுக்கக் கேக்க அதுவே போதும். தவில் அடி மாதிரி திடீர் உச்சத்துக்கு 100 டெசிபல் வேணும்னா 60 வாட்டுக்கு மேல. நல்ல 80 வாட் ஆம்ப் தாராளம். 100 வாட்டை 200 ஆக்கினா கூடறது 3 டெசிபல்தான்.

கேபிள்! 2.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு வயர், எலெக்ட்ரிக்கல் கடையில மீட்டர் சில பத்து ரூபாய். 3 மீட்டர் நீளத்துக்குப் போய்வர மொத்த மின்தடை 0.045 ஓம் மாதிரி. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு சதவீதம். முடிஞ்சது. ஒரே ஒரு தப்பு மட்டும் பண்ணாதீங்க, ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பும் கறுப்பும் மாறிடக் கூடாது. மாறினா பேஸ் ஆவியாகும், பாடகர் ரெண்டு காதுக்கும் வெளிய எங்கயோ நிப்பார். சந்தேகம்னா ஆம்பிலேருந்து கழட்டிட்டு, வயர் முனையில 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்க. ரெண்டு ஸ்பீக்கரோட பெரிய கூம்பும், அதாவது வூஃபரும், ஒரே பக்கம் நகரணும்.

டிஜிட்டல் பாட்டை ஆம்புக்குப் புரியற மின் அலையா மாத்துற டேக் (DAC)? 24 பிட்டா, 16 பிட்டான்னு சண்டை வேண்டாம். 16 பிட் சிடியோட வீச்சு, அதாவது ரொம்ப மெல்லிய சத்தத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளி, 96 டெசிபல். நம்ம தலைக்கு மேல ஃபேன் ஓடினா ரூம்லயே 40 டெசிபல் இரைச்சல். 96-ஐ முழுசா ஃபேன் சத்தத்துக்கு மேல கேக்கணும்னா உச்சம் 136 போகணும். காது வலிக்க ஆரம்பிக்கிறதே 120 பக்கம். பத்தாயிரத்துக்குள்ள ஒரு டேக் போதும். மிச்சக் காசுக்குச் சத்தமில்லாத ஃபேன் வாங்குங்க, அது பெரிய அப்கிரேடு.

"ம்ம்ம்ம்"னு இரைச்சல் வருதா? டிவி, ஆம்ப், டேக் எல்லாத்தையும் ஒரே பிளக் பாயின்ட்டுக்குக் கொண்டு வாங்க. அப்பவும் வந்தா செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிளைக் கழட்டிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா குத்தவாளி அதுதான், அதுக்கு ஐசொலேட்டர் கிடைக்கும். எர்த் பின்னை வெட்டினா இரைச்சல் போகும். ஷாக் அடிச்சா நீங்களும் போவீங்க, தயவுசெஞ்சு வேண்டாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் இரைஞ்சா, உங்க இன்வெர்ட்டர் சைன் வேவ் இல்லைன்னு அர்த்தம். ஆம்புக்கு மேல அரை அடி காத்தோட்டம் விடுங்க, ரேக்குக்குப் பின்னால கொசுவலை அடிங்க. சூட்டுக்கு பல்லி உள்ள போகும், போர்டு மேல குறுக்க படுக்கும். ரெண்டு உயிரும் ஒண்ணா போகும்.

[திரை: சோஃபாவில் விருந்தாளிகள்]

கடைசியா, பந்தா காட்டுற படலம்! மாமா வந்து உக்காருவார், "எங்க வீட்டு ஹோம் தியேட்டர் இதைவிட அதிருமே"ம்பார். அவரை நடு சீட்டுல உக்கார வைங்க. ஃபேனை நிறுத்துங்க. வெடிச்சத்தம் எல்லாம் போடாதீங்க. 1950கள்ல, 60கள்ல வந்த பழைய மோனோ பாட்டு ஒண்ணு. மோனோன்னா ரெண்டு ஸ்பீக்கர்லயும் அச்சு அசல் ஒரே சத்தம். எல்லாம் சரியா அமைஞ்சிருந்தா குரல் எந்த ஸ்பீக்கர்லேருந்தும் வராது. நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடத்துல, ஒரு ஆள் நின்னு பாடுற மாதிரி கேக்கும். மாமா எந்திரிச்சுப் போய் டிவிக்குப் பின்னால மூணாவது ஸ்பீக்கர் இருக்கான்னு தேடுவார் பாருங்க, அங்கதான் உங்க காசு வசூல். குரல் ஒரு பக்கம் சாஞ்சா ஸ்பீக்கர் தூரத்தை டேப் வச்சு அளங்க, அரை அங்குலம்கூட முக்கியம். புள்ளியா நிக்காம பரவிக் கிடந்தா, முதல் பேனல் இடம் தப்பு, கண்ணாடியை மறுபடி எடுங்க.

அடுத்து மிருதங்கம் தனியாவர்த்தனம். வலது பக்க வலந்தலையும் இடது பக்கத் தொப்பியும் தனித்தனியா கேக்கணும். தொப்பியோட "கும்" இழுத்துக்கிட்டே போனா இன்னும் மூலைப் பேனல் பத்தல. காதை நம்பாதவங்களுக்கு, ரூம் ஈக்யூ விஸார்ட்னு இலவச மென்பொருள் இருக்கு, அளவு சரிபார்த்த யூஎஸ்பி மைக் ஒண்ணு போதும். ரெண்டு செட்டை ஒப்பிட்டா சத்த அளவைச் சமமா வைங்க. ஒரு டெசிபல் கூட இருக்கிறதுதான் எப்பவும் "நல்லா இருக்கு"ன்னு தோணும், ஷோரூம்கள்ல நடக்கிற வித்தையும் இதுதான்.

உங்க ஹால் நீளம், அகலம், உயரம் மூணையும் அடியில கமெண்ட்ல போடுங்க, கூடவே சோஃபா எந்தச் சுவத்துல ஒட்டியிருக்குன்னும். எந்தச் சுரத்துக்கு உங்க வீடு ஆடும்னு பதில் வரும். 10க்கு 10க்கு 10 ஆளுங்க மட்டும், போடறதுக்கு முன்னாடி மனசைத் திடப்படுத்திக்கோங்க.