கிரேட் டிக்ஸ்டர்: இரண்டு பழைய வீடுகளும் நிற்காமல் மாறும் ஒரு தோட்டமும்

[காட்சி: வெளிவாயிலிலிருந்து வீட்டை நோக்கிச் செல்லும் கற்பாதை. இருபுறமும் முழங்கால் உயரப் புல்.]

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், நார்த்தியம் என்ற கிராமத்தில் இருக்கிறோம். எதிரே தெரிவது கிரேட் டிக்ஸ்டர். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்ட நிலக்கிழார் வீடு. வாசல் முகப்பின் ஓக் மரச்சட்டங்கள் கோணலாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தவுடன் இதன் வயது புரிந்துவிடும்.

ஆனால், நாம் பார்க்கும் வீட்டில் ஒரு பகுதிக்குத்தான் அந்த வயது.

[காட்சி: வீட்டின் முன்பக்கம், பிறகு பின்பக்கம்.]

1910இல் நத்தேனியல் லாயிட் என்பவர் இதை வாங்கினார். பழுதுபார்த்து விரிவாக்கும் வேலை எட்வின் லுட்யன்ஸிடம் போனது. ஆமாம், புது தில்லியில் இன்று குடியரசுத் தலைவர் வசிக்கும் மாளிகையைப் பின்னர் வடிவமைத்த அதே லுட்யன்ஸ்தான். அங்கே அவர் எழுப்பியது பேரரசின் பகட்டு. இங்கே செய்ததோ, தான் வந்துபோன தடமே தெரியாதபடி ஒரு வேலை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

லாயிட் குடும்பத்துக்கு இடம் போதவில்லை. பக்கத்து மாவட்டமான கென்டில், பெனன்டன் என்ற ஊரில், பாழடைந்து கிடந்த இன்னொரு பழைய மரச்சட்ட வீட்டை வாங்கினார்கள். சட்டம் சட்டமாகப் பிரித்து, எண் போட்டு, இங்கே கொண்டுவந்து மீண்டும் பூட்டினார்கள். அதுதான் பின்பக்கம் தெரிகிற பகுதி. இரண்டு வீட்டையும் இணைக்கும் கட்டடம் லுட்யன்ஸ் புதிதாகச் சேர்த்தது. இதை மோசடி என்று சொல்வோரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இடிந்து விறகாகப் போகவேண்டிய ஒரு வீடு இன்னும் கூரையோடு நிற்கிறதே!

[காட்சி: பெருங்கூடத்தின் உட்புறம். கேமரா மெல்ல மேலே உயர்கிறது.]

உள்ளே முதலில் வருவது பெருங்கூடம். இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மரச்சட்டக் கூடங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அந்தக் காலத்தில் இத்தகைய கூடங்களுக்குப் புகைபோக்கி கிடையாது. தரை நடுவில் நெருப்பு எரியும். புகை உயர்ந்து கூரை வழியே கசிந்து போகும். கூரை அத்தனை உயரமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிற்காலத்தில் வந்தவர்கள் குறுக்கே தளம் போட்டு, கூடத்தைச் சிறு சிறு அறைகளாக்கிவிட்டார்கள். லுட்யன்ஸ் அவற்றை அகற்றி, பழைய உயரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

[காட்சி: தோட்டம். கத்தரித்து உருவமாக்கிய யூ மரங்கள்.]

இனி தோட்டம். பறவைகள் போலவும் கூம்புகள் போலவும் நிற்கும் இந்த யூ மரங்கள் நத்தேனியலின் ஆசை. அந்தக் கலையைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதியிருக்கிறார். புல்வெளி அவருடைய மனைவி டெய்சியின் ஆசை.

அந்தப் புல்லைப் பார்த்து, 'பராமரிப்பே இல்லையே' என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே உரம் போடுவதில்லை. மண் வளமாக இருந்தால் புல் கொழுத்து, மற்றதை அமுக்கிவிடும். பூக்கள் விதை உதிர்க்கும்வரை காத்திருந்து, ஆகஸ்ட் வாக்கில்தான் அறுக்கிறார்கள். அறுத்ததை அங்கேயே மட்கவிடாமல் அள்ளி அகற்றுகிறார்கள். இப்படி மண்ணை மெலிவாகவே வைத்திருப்பதால்தான் காட்டு ஆர்க்கிட்கள் இங்கே பூக்கின்றன.

[காட்சி: வாழை, கல்வாழை, டாலியா நிறைந்த பகுதி.]

இவர்களுடைய கடைசி மகன் கிறிஸ்டஃபர் லாயிட். 1921இல் இதே வீட்டில் பிறந்து, 2006இல் மறையும்வரை இந்தத் தோட்டத்தோடு வாழ்ந்தவர். லுட்யன்ஸ் அமைத்த ரோஜாத் தோட்டம் ஒன்று இங்கே இருந்தது. பல ஆண்டுகள் ரோஜாவே நின்ற மண்ணில் புதிய ரோஜா சரியாகப் பிடிப்பதில்லை. செடிகள் நலிந்துகொண்டே போயின. 1993இல், தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட்டுடன் சேர்ந்து, கிறிஸ்டஃபர் ரோஜாக்களைப் பிடுங்கி எறிந்தார். அந்த இடத்தில் வாழையும் கல்வாழையும் டாலியாவும் நட்டார். இங்கிலாந்தின் தோட்டப் பிரியர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! இங்குள்ளது குளிர் தாங்கும் ஜப்பானிய வாழை. அதற்கும் பனிக்காலத்தில் உறை கட்டித்தான் காப்பாற்றுகிறார்கள். நம்மூரில் கொல்லையோரம் தானாக வளர்வதற்கு இத்தனை உபசாரமா என்று சிரிப்பு வந்தாலும், அந்தப் பிடிவாதத்தை மெச்சத்தான் வேண்டும்.

கிறிஸ்டஃபருக்கு டாலியா, கன்னா என்று இரண்டு நாய்கள். சுவர்த் தோட்டத்தின் தரையில் கூழாங்கற்களால் அவற்றின் உருவத்தைப் பதித்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் தேடச் சொல்லுங்கள்.

[காட்சி: நீண்ட பூப்பாத்தி.]

இது 15 அடி அகலமான நீண்ட பாத்தி. புதர், பல்லாண்டுச் செடி, ஓராண்டுப் பூ, கிழங்கு எல்லாம் இதில் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. ஒன்று வாடும் முன்பே அடுத்தது தலையெடுக்கும்படி நடுவதில்தான் திறமை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். அருகிலுள்ள ரயில் நிலையங்களில் ஒன்று ரை. அங்கிருந்து சாலை வழியே வர வேண்டும். பருவத்துக்கேற்பத் திறக்கும் நாள்கள் மாறும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். புல்வெளிப் பூக்களுக்கு மே, ஜூன். வாழைத் தோட்டத்துக்கு ஆகஸ்ட் பிற்பகுதியும் செப்டம்பரும். ஒருமுறைதான் போக முடியும் என்றால், செப்டம்பரில் போங்கள்.