மூடுபனியும் அணைக்க மறந்த ஹெட்லைட்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஊட்டியில் முப்பது வருஷமாகக் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றுதான் நிலையத்தில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது பேட்டரி. அதிலும், விளக்கை அணைக்க மறந்து இறங்கிப்போன பேட்டரி என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

விளக்கை மறப்பது ராத்திரியில்தான் நடக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கடைக்கு வரும் கதைகளில் பாதிக்கு மேல் பட்டப்பகலில் நடந்தவை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறுகிறீர்கள். பர்லியார் தாண்டியதும் மூடுபனி இறங்குகிறது. எதிரே வரும் பஸ் தெரியவில்லை, ஹெட்லைட் போடுகிறீர்கள். அது சரிதான், போடத்தான் வேண்டும். ஊட்டி வந்து சேரும்போது வெயில் பளீரென்று அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் நம் வண்டி விளக்கு எரிவது நமக்கே தெரியாது. குழந்தை பாத்ரூம் போக வேண்டும் என்கிறது, பெரியவர்களுக்குப் பசி. கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

இன்னொரு காரணமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. 2017 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வந்த பைக்குகளில் எஞ்சின் ஓடினால் விளக்கு தானாக எரியும், நிறுத்தினால் அணைந்துவிடும். பைக் ஓட்டிப் பழகிய கைக்கு விளக்குக்கென்று ஒரு சுவிட்ச் இருப்பதே மறந்துபோகிறது. கதவைத் திறந்ததும் காரில் டிங் டிங் என்று சத்தம் வருமே, அது இதற்குத்தான். 'அந்தச் சத்தம் தொல்லையாக இருக்கிறது, ஒயரைக் கழற்றிவிடுங்கள்' என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

போன ஜனவரியில் ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு போன். திருப்பூர்க்காரர். "அண்ணா, சாவியப் போட்டா டிக் டிக்குனு சத்தம் மட்டும் வருதுங்க, வண்டி எடுக்க மாட்டேங்குது" என்றார். சாவியைத் தொடாதீர்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் அவருடைய மைத்துனர் உட்கார்ந்து செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

அந்த டிக் டிக் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் தலையில் சாலினாய்டு என்று ஒரு மின்காந்தச் சுவிட்ச் இருக்கிறது. அதை இழுக்கக் கொஞ்சம் கரண்ட் போதும், இறங்கிய பேட்டரியும் அதைக் கொடுத்துவிடும். அது இழுத்து மோட்டாருக்கு வழி திறந்தவுடன் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். பேட்டரியால் முடியாது, வோல்டேஜ் விழும், சாலினாய்டு கையை விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், மறுபடி இழுக்கும். இதுதான் டிக் டிக். ஒவ்வொரு தடவையும் பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்ச உயிரும் போகிறது.

அதனால் முதல் வேலை, சாவியை விட்டுவிட்டு உள்விளக்கைப் போட்டுப் பார்ப்பது. அது எரியும்போது ஒரே ஒரு தடவை செல்ஃப் அடியுங்கள். விளக்கு செத்துப் பிழைத்தால் பேட்டரிதான். விளக்கு அசையாமல் பளிச்சென்று எரிந்தால் கோளாறு வேறெங்கோ. அடுத்து பானெட்டைத் திறந்து பேட்டரியில் ஒயர் மாட்டியிருக்கும் டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தாலோ, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலோ, பேட்டரியில் சார்ஜ் இருந்தும் வண்டி எடுக்காது.

திருப்பூர் வண்டியில் மீட்டர் வைத்தேன். 11.4 வோல்ட். நல்ல பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது 12.6 காட்ட வேண்டும். 12 காட்டினாலே முக்கால்வாசி தீர்ந்துவிட்டது என்று பொருள். பலருக்கு 12 வோல்ட் பேட்டரியில் 12 இருக்கிறதே என்று ஆறுதல், அது தப்பான ஆறுதல்.

கணக்கு எளிது. சாதாரண ஹாலஜன் பல்பு டிம்மில் 55 வாட். இரண்டுக்கு 110. பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு சேர்த்தால் 11 ஆம்பியர் போல இழுக்கும். சின்ன கார் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் 35 மணி நேரம் வரும். மூன்று மணி நேரத்தில் சுத்தமாகத் துடைத்துவிடும், இரண்டு மணி நேரத்திலேயே செல்ஃப் எடுக்காது. பார்க்கிங் விளக்கு மட்டும் என்றால் ஒரு ராத்திரி தாங்கலாம், தாங்காமலும் போகலாம். கூரையில் இருக்கும் ஐந்து வாட் உள்விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தாலும் நல்ல பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. காலையில் உள்விளக்கு எரிந்தது, வண்டி எடுக்கவில்லை என்று யாராவது சொன்னால், விளக்கைத் திட்டாதீர்கள் என்பேன். அந்தப் பேட்டரி ஏற்கெனவே சாகக் கிடந்தது. ஊட்டிக் குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். குளிரில் பேட்டரி மந்தமாகும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி மோட்டாருக்குச் சுமை கூடும். கோயம்புத்தூரில் ஓட்டிக்கொண்டிருந்த பேட்டரி இங்கே டிசம்பர் காலையில் கைவிரிப்பது இதனால்தான்.

சரி, ஜம்பர் கேபிள். முதலில் இறங்கிய வண்டியில் விளக்கு, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். உதவிக்கு வந்த வண்டியும் எஞ்சின் நின்றிருக்கட்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் கடைசி முனையைத்தான் எல்லோரும் தப்பாகப் போடுவார்கள். அதை இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், கொஞ்சம் தள்ளி எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம். இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கக் கூடாது. மாட்டியதும் நல்ல வண்டியை ஐந்து நிமிஷம் ஓட விட்டுவிட்டு, அப்புறம் இந்த வண்டியை எடுங்கள். எடுத்ததும் மாட்டியதற்கு நேர் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள்.

பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் ஃபியூஸ் போகும், ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டயோடு போகும், அதிர்ஷ்டம் கெட்டால் வண்டியின் கம்ப்யூட்டரும் போகும். அதே மாதிரி கையில் காப்பு, மோதிரம், இரும்புச் சங்கிலி வாட்ச் எதுவும் வேண்டாம். வேலை கற்ற புதிதில் செப்புக் காப்போடு ஸ்பேனரைப் பிடித்தேன். காப்பு பிளஸ்ஸையும் பாடியையும் ஒரே சமயத்தில் தொட்டது. அந்த வளையத் தழும்பு இன்னமும் மணிக்கட்டில் இருக்கிறது. முதலாளி மருந்து போட்டுவிட்டுத்தான் திட்டினார்.

கேபிள் வாங்கும்போது தடிமனைக் கண்டு ஏமாறாதீர்கள். மேலே ரப்பர் விரல் தடிமனில் இருக்கும், உள்ளே தாமிரம் தீக்குச்சி அளவுதான். ஒரு தடவை செல்ஃப் அடித்தால் கேபிள் சுடும், வண்டி எடுக்காது.

எங்கள் ஊரில் ஜம்பர் கேபிளைத் தேட யாருக்கும் பொறுமை கிடையாது. எங்கு பார்த்தாலும் இறக்கம்தானே, உருட்டிவிட்டால் போச்சு என்பார்கள். மேனுவல் கியர் வண்டியில் இக்னிஷன் போட்டு, கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரில் வைத்து, உருண்டதும் கிளட்சை விட்டால் எடுக்கும்தான். ஆனால் எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாக இருக்கும், பவர் ஸ்டீயரிங் லேசில் திரும்பாது. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். மலை இறக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். சமதளத்தில் நாலு பேர் தள்ளுவது வேறு விஷயம். ஆட்டோமேட்டிக் வண்டி இதற்கெல்லாம் மசியாது. பேட்டரி அடியோடு காலியென்றால் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்குமே கரண்ட் இருக்காது, தள்ளியும் பயனில்லை. அம்பாசிடர் காலத்தில் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால் போதும். இப்போது அதற்கு ஓட்டையே கிடையாது.

திருப்பூர் வண்டி என் ஆம்னியிலிருந்து கரண்ட் வாங்கி எடுத்துவிட்டது. பேட்டரியைப் பார்த்தேன், நாலு வருஷப் பழசு. அவரிடம் சொன்னேன்: "வண்டி எடுத்துவிட்டது, பேட்டரி ஏறிவிடவில்லை. கீழே மேட்டுப்பாளையம் போகிற வரைக்கும் எங்கேயும் ஆஃப் பண்ணாதீங்க. வீட்டுக்குப் போனதும் சார்ஜரில் போட்டு, மூன்றரை ஆம்பியரில் ராத்திரி முழுக்க ஏற விடுங்க. இறங்கிய பேட்டரியை அப்படியே நாள் கணக்கில் வைத்தால் உள்ளே தகட்டில் சல்ஃபேட் இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு போட்டாலும் வாங்காது." தலையாட்டினார். பின் சீட்டிலிருந்து அவருடைய அம்மா ஒரு வர்க்கி பாக்கெட்டைக் கையில் திணித்தார்கள், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி போன். பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறது.

"அண்ணா, பர்லியார்ல நிக்கறமுங்க. பசங்க டீ, வடைன்னாங்க. அஞ்சு நிமிஷந்தானேன்னு ஆஃப் பண்ணிப்போட்டனுங்க. இப்ப மறுபடி டிக் டிக்குங்குதுங்க."

வழியெல்லாம் வைப்பர், ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன். இறக்கத்தில் எஞ்சின் நிதானமாகத்தான் சுற்றியிருக்கும். பழைய பேட்டரிக்கு அதில் என்ன மிஞ்சும்? டீ குடிப்பவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, சமதளமாகப் பார்த்துத் தள்ளச் சொல்லுங்கள் என்றேன். சரிங்க என்றார். போனை வைக்கப் போனவரை நிறுத்தி ஒன்று கேட்டேன்.

"வரும்போது பனியில் ஹெட்லைட் போட்டிருப்பீங்களே, அதை அணைச்சீங்களா?"

அந்தப் பக்கம் பேச்சில்லை. கார்க் கதவு திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வணக்கம்.