மின்விசிறிக்கு உபயம் உண்டு, மின்சாரத்துக்கு?

நேயர்களுக்கு அன்பு வணக்கம். இன்று பணம் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் கோயில் பணம். இதைக் கேட்டதும் சிலருக்கு அலைவரிசையை மாற்றத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள். எந்த வங்கிக் கணக்கு எண்ணையும் நான் சொல்லப் போவதில்லை. குறிப்பிட்ட ஓர் ஆலயத்துக்காக வசூல் செய்யவும் வரவில்லை. சிங்கப்பூரில் முப்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பங்குகள் இருக்கின்றன. பங்கு என்றால் ஓர் ஆலயமும் அதைச் சேர்ந்த மக்களும். உங்கள் பங்கு எதுவோ, அதைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு. கத்தோலிக்கர் அல்லாத நேயர்களும் இருங்கள். சனிக்கிழமை நோவினா ஆலயத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும் இந்துக் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே பல உண்டு. அந்த எம்ஆர்டி நிலையத்துக்குப் பெயர் வந்ததே அந்த ஆலயத்தால்தான்.

நான் குருவானவர் இல்லை. பங்குப் பேரவையில் பதவியும் கிடையாது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் காணிக்கைப் பணத்தை எண்ணும் தொண்டர்களில் நானும் ஒருவன், அவ்வளவுதான். ஓர் அறை, நீளமான மேசை, நாலைந்து பேர். பையைக் கவிழ்த்தால் முதலில் கண்ணில் படுவது ஊதா நிற இரண்டு வெள்ளி நோட்டுகள். நான்காக மடித்தது, எட்டாக மடித்தது, பிள்ளை கையில் கசங்கி உருண்டையானது என்று பல விதம். நடுவே மலேசியச் சில்லறை இருக்கும், இந்தியப் பத்து ரூபாய் நாணயம் இருக்கும். சட்டைப் பொத்தான்கூட வந்திருக்கிறது.

அந்த இரண்டு வெள்ளி யாரும் எழுதி வைக்காத ஒரு கட்டணம்போல ஆகிவிட்டது. காப்பிக் கடையில் பரோட்டாவும் தேநீரும் இரண்டு வெள்ளிக்குள் முடிந்த காலத்தில் பையில் விழுந்த அதே நோட்டுதான் இன்றும் விழுகிறது. பொருள் சேவை வரி 2023ல் 8 விழுக்காடாகி, 2024ல் 9 விழுக்காடானது. ஆலயத்துக்கு வரும் மின்கட்டண ரசீதிலும், மின்தூக்கி பராமரிப்புக்காரர் அனுப்பும் ரசீதிலும் அந்த வரி இருக்கிறது. காணிக்கைப் பைக்கு மட்டும் விலைவாசி தெரியாது.

சரி, பங்குக்கு அப்படி என்ன செலவு? கேட்க வேண்டிய கேள்விதான். குளிரூட்டி, மின்விளக்கு, ஒலிபெருக்கி, துப்புரவு, கூரையில் ஒழுக்கு. அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம், அதோடு முதலாளி கட்ட வேண்டிய மத்திய சேமநிதி. மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் புத்தகம். குருக்களின் சாப்பாடு, மருத்துவம். இவற்றில் எதுவும் கண்ணைக் கவர்வதில்லை, அதுதான் சிக்கல். 2020 பிப்ரவரி நடுவில் கொவிட் காரணமாகப் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன, நினைவிருக்கும். அப்போது காணிக்கைப் பையே சுற்றவில்லை. சம்பள நாள் மட்டும் மாதா மாதம் வந்துகொண்டுதான் இருந்தது.

“வத்திக்கானிடம் இல்லாத பணமா?” என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாகப் பணம் போகும் திசை வேறு. ஜூன் இறுதியில் புனித பேதுரு, பவுல் பெருவிழாவையொட்டி உலகமெங்கும் காணிக்கை எடுத்து, திருத்தந்தையின் பணிகளுக்காக ரோமுக்கு அனுப்புகிறார்கள். நம் பங்கின் மின்கட்டணத்தை ரோம் கட்டுவதில்லை. ஜெர்மனியில் அரசாங்கமே வருமான வரியோடு திருச்சபை வரியையும் பிடித்து ஆலயங்களுக்குத் தருகிறது. வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காடு. இங்கே அப்படி எதுவும் இல்லை. பங்கு நடப்பது பங்கு மக்களின் கைக்காசில்தான்.

பழைய கட்டடங்களின் பாடு இன்னும் கொஞ்சம் கடினம். ஒஃபிர் சாலையில் இருக்கும் லூர்து அன்னை ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று சிங்கப்பூரில் எழுந்த முதல் ஆலயம் அது. அதற்கு முன் நம்மவர்கள் குவீன் ஸ்திரீட்டில் இருக்கும் புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கர்களோடு சேர்ந்து வழிபட்டார்கள். பிரெஞ்சுக் குருவான மெனவ்ரியே முன்னின்று நடத்த, 1886 ஆகஸ்ட் 1ஆம் தேதி லூர்து ஆலயத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். 1888ல் கட்டி முடிந்தது. பிரான்சின் லூர்து நகரில் இருக்கும் பேராலயத்தின் சாயலில் கட்டினார்கள். 2005ல் அது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் தேசியச் சின்னம் என்றால் நினைத்தபடி சிமெண்டு பூச முடியாது. பழைய சுவருக்குப் பழைய முறையில், தெரிந்தவர்களை வைத்து, அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும். அரசாங்கத்தின் தேசியச் சின்னங்கள் நிதி செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். மிச்சத்தைத் திரட்டுவது ஆலயத்தின் பொறுப்பு. எனவே, “அதுதான் தேசியச் சின்னமாயிற்றே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்” என்று இருந்துவிட முடியாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் தமிழ் மக்கள் கஞ்சர்கள் இல்லை. கொடுப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. ஊரில் திருவிழா என்றால் வாட்சாப் குழுவில் செய்தி வந்த அன்றே சிங்கப்பூரிலிருந்து பணம் போய்விடும். கொடியேற்றம் இன்னாருடையது, மூன்றாம் திருநாள் இன்னார் குடும்பத்துடையது, தேருக்குப் பூ இன்னார், அசன விருந்துக்கு அரிசி இன்னார். மாதாவுக்குக் குகைபோல ஒரு கெபி கட்ட வேண்டும், மணிக்கூண்டு எழுப்ப வேண்டும் என்றால் யார் பெயர் கல்வெட்டில் முதலில் வருவது என்று போட்டியே நடக்கும். இங்கேயும் செப்டம்பர் 8ஆம் தேதி, வேளாங்கண்ணி அன்னையின் விழா வந்தால் மாலைக்கும் சேலைக்கும் சாப்பாட்டுக்கும் பணத் தட்டுப்பாடு வருவதில்லை.

நான் அதைக் குறை சொல்லவில்லை. திருவிழா வேண்டும். மாதாவுக்குப் பட்டுச் சேலை சாத்துவதில் ஒரு தாயின் மனசு நிறைகிறது என்றால் அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஊரில் பார்த்திருப்பீர்கள், மின்விசிறியின் இறக்கைகளில் ‘உபயம்’ என்று பெயர் எழுதியிருக்கும். மின்விசிறிக்கு உபயதாரர் கிடைத்துவிடுகிறார். அது சுற்றுவதற்கான மின்சாரத்துக்கு உபயதாரர் யார்? கழிவறைக் குழாய் பழுதுபார்த்ததற்கு யாராவது கல்வெட்டு வைத்திருக்கிறார்களா?

கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குக் கொடுக்கிறோம், மாதா மாதம் வருகிற செலவுக்குக் கொடுப்பதில்லை. வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நாம் நகர மன்றத்துக்கு மாதக் கட்டணம் கட்டுகிறோம். தாழ்வாரத்து விளக்குக்கு என் பெயரை வை என்று யாரும் கேட்பதில்லை. பொது இடம், நாமும் புழங்குகிறோம், கட்டுகிறோம். ஆலயம் மட்டும் ஏன் வேறாகிப் போனது என்று எனக்குப் புரியவில்லை.

மாதம் தவறாமல் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் சிண்டா என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருப்பார்கள். சம்பளத்தைப் பொறுத்து ஒரு வெள்ளி முதல் 30 வெள்ளி வரை. இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்காக 1991ல் தொடங்கிய அமைப்பு அது. அந்தத் தொகை போவதுகூட நம்மில் பலருக்குத் தெரிவதில்லை, ஆனால் எத்தனையோ பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு அதில்தான் நடக்கிறது. நம் முஸ்லிம் சகோதரர்களைப் பாருங்கள். 1975ல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது, மத்திய சேமநிதி வழியாக மாதம் 50 காசில் ஆரம்பித்தார்கள். அந்த நிதியில் எழுந்த முதல் பள்ளிவாசல் தோ பாயோவில் இருக்கும் முஹாஜிரின். 1977ல் திறந்தார்கள். அதன் பிறகு பேட்டைக்குப் பேட்டை பள்ளிவாசல் எழுந்தது. ஒரே ஒரு செல்வந்தர் வந்து கட்டிக் கொடுத்திருந்தால் அது அவருடைய பள்ளிவாசலாக இருந்திருக்கும். உழைக்கிறவர்கள் எல்லாரும் கொடுத்ததால் எல்லாருடையதும் ஆனது.

நமக்குச் சம்பளத்தில் பிடிக்கும் ஏற்பாடு இல்லை, இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். எருசலேமில் கஷ்டப்பட்ட இறைமக்களுக்காகப் பணம் சேர்க்கிறார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்பச் சேர்த்து வையுங்கள், நான் வந்த பிறகு வசூல் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறார். வாரா வாரம், வருவாய்க்கு ஏற்ப. இதைவிடத் தெளிவாக எந்த நிதிக்குழுவும் சொல்ல முடியாது.

வருவாய்க்கு ஏற்ப என்றால் வருவாய் குறைந்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். காணிக்கை பற்றிய மறையுரை என்றாலே, தன்னிடம் இருந்த இரண்டு காசுகளையும் காணிக்கையாகப் போட்ட ஏழைக் கைம்பெண்ணின் கதை வந்துவிடும். மாற்கு நற்செய்தி, 12ஆம் அதிகாரம். எனக்கு ஒரு சின்ன ஆதங்கம். அந்தப் பகுதியை வாசிப்பவர்கள் பல நேரம் அதற்கு முந்தைய வசனத்தை விட்டுவிடுகிறார்கள். அதில்தான் இயேசு, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களைக் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஏழையிடம் இருப்பதையும் உருவிக்கொள்ள அந்தக் கதையைக் காட்ட எவருக்கும் வாய் வராது. தங்கும் விடுதியிலிருந்து பேருந்து பிடித்து ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வரும் தம்பிமார்களே, வீட்டு வேலைக்கு வந்து மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வெளியே வர முடிகிற தங்கைகளே, உங்களிடம் நான் கேட்கவில்லை. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் அடையட்டும், வீட்டுக்குப் பணம் போகட்டும். பை உங்கள் முன்னால் வரும்போது சும்மா அடுத்தவர் கையில் கொடுங்கள், கூச்சப்படாதீர்கள். உங்களுக்கே தேவை என்றால் பங்கில் இருக்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் இருப்பதே அதற்காக. நான் கேட்பது சொந்த வீடும் நிரந்தர வேலையும் உள்ள எங்களைப் போன்றவர்களிடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் கொடுக்கவில்லை என்பதற்காகத் திருமுழுக்கோ அடக்கத் திருப்பலியோ மறுக்கப்படக் கூடாது. குறிக்கப்பட்ட காணிக்கைக்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது, வறியவர்கள் திருமுழுக்கு போன்ற அருளடையாளங்களை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 848ஆம் சட்டம் சொல்கிறது.

கணக்கு கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537ஆம் சட்டம். ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த பணத்தை அந்த நோக்கத்துக்கே செலவழிக்க வேண்டும் என்பது 1267. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பது 1287. நம்மவர்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. “சாமியாரிடம் போய்க் கணக்கு கேட்பதா?” என்பார்கள். அப்புறம் வெளியே வந்து வாகன நிறுத்துமிடத்தில் நின்று அரை மணி நேரம் சந்தேகப்படுவார்கள்! கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதைக் குறைவில்லை, முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் மரியாதைக் குறைவு. பங்கின் ஆண்டுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நின்று படியுங்கள். ஒட்டவில்லை என்றால் ஏன் என்று பங்குத்தந்தையிடம் பணிவாகக் கேளுங்கள். எண்ணும் மேசையில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள்வி கேட்கிற பங்கில் எங்களுக்கும் வேலை சுலபம்.

வரிக் கழிவு பற்றிப் பலர் விசாரிக்கிறார்கள். பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுத்தால், கொடுத்ததைப்போல் இரண்டரை மடங்கு வரிக் கழிவு உண்டு. ஆலயக் காணிக்கைக்கு அது கிடையாது. தவக்காலத்தில் கத்தோலிக்க அறப்பணி அமைப்பான கரித்தாஸ் திரட்டும் அறநிதி வேறு, பங்குக் காணிக்கை வேறு. இரண்டும் ஒரே உறையில் போட வேண்டியவை அல்ல. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

எப்படிக் கொடுப்பது? பையில் போடலாம், போடுகிறீர்கள் என்றால் அந்த ஊதா நோட்டைக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யுங்கள். கைப்பேசியில் பேநவ் வழியாக அனுப்பலாம். இளையவர்கள் பணப்பையே கொண்டுவருவதில்லை, அவர்களுக்கு இதுதான் வசதி. கியூஆர் குறியீட்டை வருடியதும் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். பெயரில் ஏதாவது இடித்தால் அனுப்பாதீர்கள், அலுவலகத்தில் கேட்ட பிறகு அனுப்புங்கள். வாட்சாப்பில் யாரோ அனுப்பிய குறியீட்டை நம்ப வேண்டாம். மோசடிக்காரர்களுக்கு மதபேதம் கிடையாது.

என்னைக் கேட்டால், வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் பிடிக்கும் ஜைரோதான் சிறந்தது. மாதம் 20 வெள்ளியோ 50 வெள்ளியோ, உங்களால் முடிந்த ஒரு தொகை, தானாகப் போய்விடும். நீங்கள் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தாலும் ஆலயத்தின் மின்கட்டணம் நிற்காது அல்லவா? மாதம் உறுதியாக எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் கூரையை இந்த ஆண்டு மாற்றலாமா, அடுத்த ஆண்டா என்று நிதிக்குழு திட்டம் போட முடியும். இந்த வசதி உங்கள் பங்கில் உண்டா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள், படிவம் இருந்தால் வாங்கி நிரப்புங்கள். ஒரு விஷயம், பல பங்குகளில் திங்கட்கிழமை அலுவலகம் திறப்பதில்லை. செவ்வாய் முதல் போகலாம். நன்றி, வணக்கம்.