மெஷ்ல ரெண்டு கேட்வே: ஒண்ணுல நெட் செத்தா போன் ஏன் மாறமாட்டேங்குது?

வணக்கம் மக்களே. டேபிள்ல மூணு ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான ஓஎஸ்) ரூட்டர், மூணுலயும் பேட்மேன் அட்வான்ஸ்டு, அதாவது ரூட்டர்களை ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரே மெஷ் நெட்வொர்க்கா ஆக்குற சாஃப்ட்வேர். இடது பக்கம் ஃபைபர், வலது பக்கம் 4ஜி டாங்கிள். நடு ரூட்டருக்குச் சொந்தமா நெட் கிடையாது. போன் அதுலதான் இருக்கு.

ஓரத்து ரெண்டும்தான் கேட்வே, அதாவது மெஷ்ல இருந்து வெளி நெட்டுக்குப் போற வாசல். அதனால அது ரெண்டுலயும் பேட்மேனோட கேட்வே மோடு சர்வர், நடுவுல கிளையன்ட். எல்லாம் ஒரே நெட்வொர்க், 10.10.0.0/16 தான், அதாவது 10.10-னு ஆரம்பிக்கிற ஐபி எல்லாம். ஆனா ஃபைபர் பெட்டி 10.10.1-லயும், டாங்கிள் பெட்டி 10.10.2-லயும் மட்டும் ஐபி குடுக்கணும், மோதக்கூடாது. லீஸ், அதாவது குடுத்த ஐபி செல்லுற நேரம், 5 நிமிஷம். டிஹெச்சிபி (தானா ஐபி குடுக்குற முறை) செட்டிங்ல ஃபோர்ஸ் 1 போட்டுருங்க. இல்லேன்னா, கிளம்பும்போது இன்னொரு சர்வர் கண்ணுல பட்டா டிஎன்எஸ்மாஸ்க் (ரூட்டர்ல ஐபி குடுக்குற புரோகிராம்) ஐபி குடுக்காம கம்முனு இருந்துடும்.

அப்புறம் வைஃபை மெஷ் இன்டர்ஃபேஸ் எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு, பைட்ல) 1532. பேட்மேன் தலைப்புக்கு 32 பைட் வேணும். 1500-லயே விட்டா பெரிய பாக்கெட் ஒவ்வொண்ணும் ரெண்டா உடைஞ்சு போகும், வேகம் அடிவாங்கும்.

இப்ப ஃபைபரைப் புடுங்குறேன். பாருங்க, போன்ல சிக்னல் ஃபுல்லா இருக்கு, பேஜ் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. பேட்மேன் அளக்குறது ரேடியோ பாதையை மட்டும்தான். கேட்வேக்கு அந்தாண்ட நெட் இருக்கான்னு அது பாக்கவே பாக்காது.

அதுக்குத்தான் கேட்வேல ஓடுற இந்தக் குட்டி ஸ்கிரிப்ட். 10 செகண்டுக்கு ஒரு தடவை, வேன் (வெளி நெட் வர்ற பக்கம்) இன்டர்ஃபேஸ் வழியா 1.1.1.1, 9.9.9.9-ங்கிற வெளி சர்வர் ரெண்டுக்கும் பிங், அதாவது பதில் வருதான்னு ஒரு சோதனை. ரெண்டும் தொடர்ந்து மூணு தடவை விழுந்தா கேட்வே மோடு ஆஃப்.

நிறைய பேர் இதோட நிறுத்திடுறாங்க. பத்தாது! போன் லீஸைப் புதுப்பிக்க, ஐபி குடுத்த பழைய பெட்டிகிட்டயே நேராப் போய்க் கேக்கும். அதுவும் 'சரி, வச்சுக்கோ'ன்னு சொல்லிடும். அதனால அதே ஸ்கிரிப்ட்ல டிஎன்எஸ்மாஸ்க்கையும் நிறுத்துங்க. பதில் வரலைன்னா, லீஸ்ல எட்டுல ஏழு பங்கு போனதும் போன் எல்லார்கிட்டயும் கேக்கும். டாங்கிள் பெட்டியோட டிஎன்எஸ்மாஸ்க் செட்டிங்ல ஆத்தரிடேட்டிவ் 1 இருந்தா 'இந்த ஐபி செல்லாது'ன்னு உடனே மறுத்துட்டு, புதுசு குடுக்கும். மொத்தத்துல 5 நிமிஷத்துக்குள்ள மாறிடும்.

ஆனா ஓடிட்டிருந்த வீடியோ கால் கட் ஆகும். ஐபியும் மாறுது, நேட்டும் (உள் ஐபியை வெளி ஐபியா மாத்துற இடம்) மாறுதே. அது வேணாம்னா போன்லயே வயர்கார்டு (விபிஎன் டனல் போடுற சாஃப்ட்வேர்) போட்டு ஒரு விபிஎஸ்-க்கு (வாடகை சர்வர்) விடுங்க. டனலுக்கு உள்ள இருக்கிற ஐபி அப்படியே நிக்கும். பர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 செகண்டுக்கு ஒரு தடவை போன் ஒரு சின்ன பாக்கெட் அனுப்பும்) வைக்க மறக்காதீங்க. வைக்கலைன்னா போன் எதையாவது அனுப்புற வரைக்கும் விபிஎஸ் பழைய முகவரிக்கே அனுப்பிட்டிருக்கும்.