இயேசுவுக்குப் பல்வலி வந்திருக்குமா?

நேயர்களுக்கு வணக்கம். கடவுள் மனிதரானார் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லாச் சமயத்தவரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், அதனால் அந்த நம்பிக்கை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாசரேத்தூர் இயேசு முழுமையாகக் கடவுள். அவரே முழுமையாக மனிதர். பாதிக்குப் பாதி என்ற கணக்கு இல்லை. கடவுள் கொஞ்ச காலம் மனித வேடம் போட்டார் என்பதும் இல்லை, நல்ல மனிதர் ஒருவர் பின்னாளில் கடவுளாக உயர்த்தப்பட்டார் என்பதும் இல்லை. சொல்வதற்கு அரை நிமிடம் போதும். இதைச் சரியான சொற்களில் வைக்கத் திருச்சபைக்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன.

அவர் கடவுள் என்பதை விசுவாசிகள் சிரமமே இல்லாமல் சொல்லிவிடுவார்கள். என் அக்கறையெல்லாம் மற்றப் பக்கத்தில்தான். அவர் நிஜமாகவே மனிதர் என்பதை வாயால் சொல்லிவிட்டு, மனத்துக்குள் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிடுகிறோம்.

மறைக்கல்வி வகுப்பு ஒன்றில் ஒரு சிறுமி எழுந்து, "இயேசுவுக்குப் பல்வலி வந்திருக்குமா?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று கன்னம் வீங்கியிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "சாமியைப் பத்தி அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்றார். சிறுமி உட்கார்ந்துவிட்டாள், ஆனால் விடவில்லை. "அப்போ சிலுவையில மட்டும் எப்படி வலிச்சுது?" என்றாள். பாட்டியிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது பெரிய வலிம்மா" என்றார்.

அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. என் வீட்டார் இதற்காகவே என்னோடு வர மறுக்கிறார்கள், அது வேறு கதை. சிலுவையில் வலித்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பல்வலி என்றால் நெளிகிறார்கள். மூக்கு ஒழுகியிருக்குமா என்று கேட்டால் சிலருக்குக் கோபமே வருகிறது. அந்தப் பாட்டி சொன்னது சரியான நோய்க்குறி. பெரிய வலியில் ஒரு கம்பீரம் இருக்கிறது, அதைக் கடவுளுக்குக் கொடுத்துவிடலாம். சின்ன வலியில் கம்பீரம் ஏது?

இந்தக் கூச்சம் நேற்று வந்ததில்லை. முதல் நூற்றாண்டின் கடைசியிலேயே, இயேசுவின் உடல் வெறும் தோற்றம், அவர் பாடுபட்டது போலத் தெரிந்தது, அவ்வளவுதான் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கடவுளின் மானத்தைக் காப்பாற்றுவதாக அவர்களுக்கு நினைப்பு. அவர்களுக்குப் பதில் எழுதியவர்களில் ஒருவர் அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விலங்குகளுக்கு இரையாக்குவதற்காக அவரை உரோமைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. காவலுக்கு வந்த பத்துப் படைவீரர்களைச் சிறுத்தைகள் என்கிறார். நல்லது செய்தால் இன்னும் மோசமாகிறார்களாம். சிமிர்னா சபைக்கு எழுதிய கடிதத்தில் அவருடைய வாதம் ரொம்பச் சுருக்கம்: ஆண்டவர் பட்ட பாடு தோற்றம் என்றால், என் கையில் கிடக்கிற விலங்கும் தோற்றமா? சங்கிலி உரசிக்கொண்டிருக்கிற ஒருவர் எழுதிய இறையியல் இது. நூலகத்தில் உட்கார்ந்து எழுதியதில் இந்த உறைப்பு வராது.

325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, கடவுளின் மகனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையை மறுத்தார்கள். இயேசு தந்தையின் அதே இறைத்தன்மை உடையவர் என்று அறிக்கையிட்டார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை, தாண்டிப் போகிறேன். எனக்குச் சுவையானது அடுத்து நடந்தது. நிசேயாவின் பக்கம் உறுதியாக நின்றவர்களில் லவோதிக்கேயாவின் அப்பொல்லினாரியுஸ் என்ற ஆயரும் ஒருவர். இயேசுவின் இறைத்தன்மையில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. அந்த ஆர்வத்திலேயே ஓர் அடி கூடப் போனார். இயேசுவுக்கு மனித உடல் இருந்தது, ஆனால் மனித மனம் இருக்க வேண்டிய இடத்தில் இறைவார்த்தையே, அதாவது கடவுளின் மகனே, இருந்தது என்றார். கவனியுங்கள், உடலை அவர் மறுக்கவில்லை. யோசிக்கிற, தயங்குகிற, கற்றுக்கொள்கிற அந்த மனத்தைத்தான் எடுத்துவிட்டார். நம்மில் பலர் பெயர் தெரியாமலே அவருடைய சீடர்கள் என்பது என் எண்ணம்.

அதே காலத்து ஆயரான நசியான்சு கிரகோரியார் இதற்கு எழுதிய பதில் அந்தக் காலத்தைத் தாண்டி நின்றுவிட்டது. மனிதரிடம் இருப்பதில் கிறிஸ்து எதைத் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளவில்லையோ, அது குணமாகவில்லை என்றார். மனம்தான் முதலில் தவறியது, மருந்து தேவைப்பட்டதும் அதற்குத்தான். அதை விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துக்கொண்டு என்ன பயன்? இன்னொரு முறை சொல்கிறேன்: ஏற்காதது குணமாகவில்லை. 381-இல் ஆயர்கள் கூடிய கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் அப்பொல்லினாரியுஸின் போதனையைத் தள்ளிவிட்டது.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்தி நூல்களுக்கு இந்தக் கூச்சமே கிடையாது. மாற்கு எழுதுகிறார்: புயலடிக்கிறது, படகில் தண்ணீர் நிரம்புகிறது, இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணை! கதைக்கு அது தேவையே இல்லை. அங்கிருந்த யாரோ பார்த்ததைச் சொன்னதுபோல அந்தத் தலையணை அங்கே கிடக்கிறது. பகலெல்லாம் கூட்டத்துக்குப் போதித்துவிட்டு, அலையடித்தாலும் விழிக்காத அளவுக்கு அசந்துவிட்ட மனிதர். யோவான், அவர் நடந்து களைத்துப்போய்க் கிணற்றருகே உட்கார்ந்தார் என்கிறார். இறந்துபோன நண்பர் லாசரின் கல்லறைக்குப் போகும்போது அழுதார் என்கிறார். அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்கிறார் லூக்கா. வளர்ந்தார் என்றால், முன்பு தெரியாதது பிறகு தெரிந்தது என்றுதானே பொருள்?

இங்கே கொஞ்சம் துணிந்து பேசுகிறேன். மாற்கு அவரைத் தச்சர் என்கிறார். தச்சுவேலை கற்கிற எந்தப் பையனும் ஒரு பலகையையாவது கோணலாக அறுத்துக் கெடுத்திருப்பான். இயேசுவும் கெடுத்திருப்பார் என்று நம்புகிறேன். அதெப்படி, அவர் பாவமற்றவர் ஆயிற்றே என்பார்கள். சரி, பலகையைக் கோணலாக அறுப்பது எந்தக் கட்டளைப்படி பாவம்? கைப்பழக்கம் வராதது வேறு, பாவம் வேறு. பாவம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவர் என்றுதான் 451-இல் கால்செதோன் சங்கம் எழுதிவைத்தது. அந்த 'மற்ற எல்லாவற்றிலும்' என்பதற்குள் ரம்பமும் அடங்கும், பல்லும் அடங்கும்.

கால்செதோனைப் பற்றிக் கொஞ்சம். இறைத்தன்மை, மனிதத் தன்மை இரண்டும் ஒரே ஆளில், கலக்காமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் என்று நான்கு 'இல்லை'களைப் போட்டு வேலி கட்டினார்கள். அது எப்படிச் சாத்தியம் என்ற விளக்கத்துக்குள் அவர்கள் போகவே இல்லை. அவர்கள் பயந்தது ஒன்று உண்டு: கடலில் விழுந்த தேன்துளி மாதிரி, மனிதத் தன்மை இறைத்தன்மைக்குள் கரைந்து காணாமல் போய்விடக் கூடாது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பல்வலியிலேயே பாதி நேரம் போய்விட்டது. சிலுவைச் சாவுக்கு முந்தைய இரவில் இயேசு வேண்டிக்கொண்ட கெத்செமனியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே என்று இயேசு தந்தையிடம் வேண்டினாரே, அந்த 'என் விருப்பம்' நிஜமான மனித விருப்பமா? ஆம் என்றார் ஏழாம் நூற்றாண்டுத் துறவி மாக்சிமுஸ். இந்தப் பேச்சே கூடாது என்று பேரரசர் தடை போட்டிருந்த காலம் அது. 662-இல் அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள். அதே ஆண்டில் இறந்துபோனார். 681-இல் பொதுச்சங்கம் அவர் சொன்னதையே உறுதிசெய்தது, ஆனால் அதன் தீர்மானத்தில் அவர் பெயர் இல்லை.

கால்செதோனின் சொற்களை ஏற்காமல் பிரிந்த சபைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான எகிப்தின் கோப்து சபையின் தலைவரும் உரோமைத் திருத்தந்தையும் 1973-இல் ஒன்றாகக் கையெழுத்திட்ட அறிக்கை, இயேசு முழுக் கடவுள், முழு மனிதர் என்றே சொல்கிறது. அதைப் பேச இன்னோர் உரை வேண்டும், அழைத்தால் வருகிறேன். வணக்கம்.