பூவும் கனியும் ஒரே படத்தில்: 1542-இல் வந்த செடிப் படங்கள்

அன்பர்களே, வணக்கம்.

1530-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜெர்மானியத் தாவர அறிஞர் புரூன்ஃபெல்ஸின் மூலிகை நூல் வந்தது. அதன் ஓவியர் ஹான்ஸ் வைடிட்ஸ் கண்ணெதிரே இருந்த செடியை அப்படியே வரைந்தார்: வாடிய இலை, ஒடிந்த தண்டு உட்பட. அழகான படங்கள்தாம். ஆனால் மூலிகை தேடும் மருத்துவருக்கு ஒரு சிக்கல். இலை தொங்குவது அந்த இனத்தின் இயல்பா, பறித்த செடி வாடியதாலா?

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பாசல் நகரில் தம் மூலிகை நூலை வெளியிட்ட ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் வேறு வழியில் போனார். வேர் முதல் விதை வரை எல்லாம் ஒரே படத்தில் வேண்டும் என்றார். பூவும் பழமும் ஒரே நாளில் கிடைக்காது. வெவ்வேறு பருவங்களில் பார்த்ததை ஒன்றுசேர்த்தால்தான் இது முடியும். லேமியம் என்ற புதினாக் குடும்பச் செடியின் படத்தில் வெள்ளை, மஞ்சள், ஊதா மூன்று நிறப் பூக்களும் ஒரே செடியில் நிற்கின்றன. இங்கே அவர் எல்லை மீறிவிட்டார் என்றே சொல்வேன். இன்று அவை தனித்தனி இனங்கள்.

வேலை மூவர் கைமாறியது. ஆல்பிரெக்ட் மேயர் செடியைப் பார்த்து வரைந்தார். ஹைன்ரிக் ஃபுல்மவுரர் அதை அச்சிடும் மரக்கட்டைக்கு மாற்றினார். ஃபைட் ருடோல்ஃப் ஷ்பெக்லே செதுக்கினார். மூவரின் உருவப்படங்களையும் ஃபூக்ஸ் நூலின் இறுதியில் அச்சிட்டார். கைவினைஞருக்கு அக்காலத்தில் எளிதில் கிடைக்காத மரியாதை அது.

செதுக்குவதைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். மை படவேண்டிய கோடு மேடாக நிற்கவேண்டும். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரு பக்கமும் கத்தி ஓடும். இடையிலுள்ள மரம் தோண்டி எடுக்கப்படும். கோடு மிக மெலிந்தால் அச்சின் அழுத்தத்தில் உடையும். எனவே இலையின் மேலுள்ள நுண்ரோமங்கள் பெரும்பாலும் படத்தில் வராது. கட்டையின் உயரம் அச்செழுத்தின் உயரத்தோடு ஒத்திருந்தால் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். பின்னாளில் செடி நூல்களுக்கு வந்த செப்புத்தகட்டில் மயிரிழைக் கோடும் விழும். ஆனால் அதற்குத் தனி உருளை அச்சு தேவை.

ஃபூக்ஸ் நிழல் கோடுகளையும் தவிர்க்கச் சொன்னார். நெருக்கமான கருங்கோடுகளின் மேல் வண்ணம் பூசினால் கலங்கிப்போகும். வெறும் எல்லைக்கோட்டுக்குள் கையால் தீட்டினால் தெளிவாக நிற்கும். தாமிரப் பச்சை பூசிய இலைகளில் மட்டும் கவனம் வேண்டும்: காலப்போக்கில் பழுப்பேறி, தாளையே அரித்துவிடும்.

இன்னொரு பிழை அடிக்கடி நேரும். கட்டையில் உள்ளது அச்சில் இடவலமாக மாறும். அச்சான படத்தை யாரேனும் திருப்பாமல் புதுக் கட்டையில் நகலெடுத்தால், மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாக ஏறும் ஹாப்ஸ் கொடி (பீருக்குச் சுவை சேர்ப்பது) இடஞ்சுழியாகிவிடும். நகலை அடையாளம் காண நல்ல தடயம் இது.

அதே நூலில் நம் மிளகாயும் இருக்கிறது, கள்ளிக்கோட்டை மிளகு என்ற பெயரில். அது அமெரிக்காவிலிருந்து வந்தது என்பது ஃபூக்ஸுக்குத் தெரியவில்லை. பெயர் நம்மை மலபாருக்கு அனுப்புகிறது. ஆனால் ஐந்து இதழ் பூவையும் தொங்கும் காயையும் பார்த்தவுடன் மிளகாய் என்று சொல்லிவிடலாம்.